பழைய முகம், புதிய வண்டி

சிப்பிகாட் வழியாக வண்டூர் செல்லும் சாலையில் வண்டியோட்டுபவர்களுக்குச் சிறிய காரின் அருமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வளைவு முடிவதற்குள் அடுத்த வளைவு தொடங்கிவிடும். எதிரே பேருந்து வந்தால் சாலையோரப் புல்லில் இரண்டு சக்கரங்களை இறக்கி வழிவிட வேண்டும். நகரத்துக்குள் சென்றாலோ, அபர்தீன் பஜாரில் வண்டியை நிறுத்த இடம் தேடுவதே ஒரு தனி வேலை. 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரில் தெருக்களின் அகலம் மாறிவிடவில்லை. விரைவு நெடுஞ்சாலை என்று ஒன்று இல்லாத இத்தீவில் பெரிய எஞ்சினுக்கும் நீண்ட உடலுக்கும் வேலை குறைவு. எனவே சிறிய நகரக் காரை விரும்பும் வாடிக்கையாளரை நாங்கள் ஒருபோதும் மறுத்துப் பேசியதில்லை.

எங்களை யோசிக்க வைப்பது, அந்த விருப்பத்தோடு அண்மைக்காலமாகச் சேர்ந்து வரும் இன்னொரு விருப்பம். வட்டமான முகப்பு விளக்கு, குரோமியம் பூசிய வளையங்கள், கூரைக்கு ஒரு நிறமும் உடலுக்கு வேறொரு நிறமும், அறுபதுகளின் சாயலில் ஒரு முகம். இதற்கு ‘ரெட்ரோ’ என்று பெயர். அரசுப் பணியில் இன்னும் எட்டு ஆண்டுகள் மீதமுள்ள வாடிக்கையாளர் ஒருவர் இத்தகைய வண்டிக்காக எங்கள் கடன் மேசைக்கு வந்தார். “எங்கப்பா சென்னையிலே பத்மினி டாக்சி ஓட்டினவர் சார். அந்த மாதிரி முகத்தோட ஒரு சின்ன வண்டி சொந்தமா வெச்சுக்கணும்னு சின்ன வயசுலேர்ந்து ஆசை. ஆசைக்குப் போய் கணக்குப் பார்க்க முடியுமா?” என்றார். சாலைக்கு வரும்வரையிலான முழு விலையையும் ஏழாண்டுக் கடனாகக் கேட்டார்.

ஆசைக்குக் கணக்குப் பார்க்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்தும். ஆனால் கடனுக்குப் பார்த்தே ஆக வேண்டும். ரெட்ரோ காரின் விலையில் இரண்டு பொருள்கள் கலந்திருக்கின்றன. ஒன்று வண்டி, மற்றொன்று முகம். வண்டிக்குக் கடன் வாங்கலாம். முகத்துக்கான பணம் சேமிப்பிலிருந்து வர வேண்டும். வங்கியின் இதழில் வங்கி அலுவலர்களே ‘கடனைக் குறைத்துக் கேளுங்கள்’ என்று எழுதுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். தவணை தவறிய கணக்குகளோடு மல்லாடிப் பழகியவர்களுக்கு வியப்பிராது.

வண்டி வேறு, முகம் வேறு என்று நாங்கள் பிரிப்பது வாதத்துக்காக அல்ல. இவ்வகைக் கார்கள் பிறந்த விதமே அப்படித்தான். ஜப்பானின் நிசான் நிறுவனம் 1991இல் ஃபிகாரோ என்ற சிறிய காரை வெளியிட்டது. பார்த்தவர்கள் அதை அறுபதுகளின் ஐரோப்பியக் கார் என்றே எண்ணினர். அதன் உள்ளே இருந்ததோ மைக்ரா என்ற சாதாரணச் சிறிய காரின் 987 சி.சி. எஞ்சின். மொத்தம் 20,000 வண்டிகளே செய்யப்பட்டன. வாங்க விரும்பியவர்கள் மிகுந்ததால் குலுக்கல் முறையில் விற்க நேர்ந்தது. வோக்ஸ்வாகனின் ‘நியூ பீட்டில்’ காருக்கு அடித்தளம் கோல்ஃப் கார். பழைய பீட்டிலுக்கு எஞ்சின் பின்புறம், புதியதற்கு முன்புறம். ஃபியட் 500இன் கதையும் இதுவே. டான்டே ஜியகோசா வடிவமைத்த பழைய 500, 1957 ஜூலை 4 அன்று வெளிவந்தது. சரியாக ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2007 ஜூலை 4 அன்று, அதே முகத்தோடு புதிய 500 வந்தது. அதன் அடித்தளம் பாண்டா என்ற எளிய குடும்பக் காருடையது.

இந்தப் புதிய 500 இந்தியாவுக்கும் வந்தது. 2008இல் முழுமையாகக் கட்டப்பட்ட வண்டியாக இறக்குமதியாகி, ஏறத்தாழ 15 லட்சம் ரூபாய்க்கு விற்கப்பட்டது. அதற்குள் இருந்தது 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல் எஞ்சின். அதே எஞ்சின்தான் அப்போது நம் ஊர்ச் சாலைகளில் ஓடிய மாருதி சுசுகி ஸ்விஃப்ட் டீசல் காரிலும் இருந்தது. ஸ்விஃப்டின் விலை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. எஞ்சின் ஒன்றே என்றால் மீதிப் பணம் எதற்குச் சென்றது? கணிசமான பகுதி இறக்குமதி வரிக்கு. எஞ்சியது அந்த முகத்துக்கும் அதன் பெயருக்கும். 500 இங்கே அதிகம் விற்கவில்லை. 2019இல் ஃபியட் இந்தியச் சந்தையிலிருந்தே கார் விற்பனையை நிறுத்திக்கொண்டது. இன்று பழைய 500 ஒன்றை வைத்திருப்பவருக்கு எஞ்சினைப் பற்றி அதிகக் கவலை இராது. அந்த எஞ்சினின் இயல்பை அறிந்த மெக்கானிக் எந்த ஊரிலும் உண்டு. முன்விளக்கு ஒன்று உடைந்தால்தான் உண்மையான கவலை தொடங்கும். காசு அதிகம் கொடுத்து வாங்கிய பகுதியே மாற்று கிடைக்காத பகுதியாகவும் ஆகிவிடுகிறது.

தமிழர்களுக்கு இந்த முகங்களின் மேல் இருக்கும் பற்று இறக்குமதியானதன்று என்பதையும் சொல்ல வேண்டும். சென்னையை அடுத்த தொழிற்சாலையில் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்கள் உருவாயின. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவானி மிக்கெலோட்டி வரைந்த உருவம் அது. அதன் முன்மூடி சக்கரக் கவசங்களோடு சேர்ந்து முன்பக்கமாகச் சாய்ந்து திறக்கும். எஞ்சின் முழுவதும் வெளியே தெரியும், மெக்கானிக் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்ப்பார். பம்பாயில் பிரீமியர் நிறுவனம் செய்த ஃபியட் 1100, எழுபதுகளில் பத்மினி என்ற பெயரைப் பெற்றது. மும்பையின் கறுப்பு மஞ்சள் டாக்சிகளில் கடைசிப் பத்மினி, இருபது ஆண்டு வயது வரம்பை எட்டி 2023 அக்டோபர் இறுதியில் விடைபெற்றபோது நாளிதழ்கள் அதற்கு இரங்கல் போலவே செய்தி எழுதின. அந்த வண்டிகளில் முகமும் உடலும் ஒன்றாகவே பிறந்தவை. அவற்றின் காலத்தில் அந்த முகத்துக்கென்று தனி விலை கிடையாது.

அப்படியானால் இன்று கடையில் புதிதாக வாங்கக்கூடிய ரெட்ரோ சிறிய கார் எது? நம் நாட்டில் பெரும்பாலும் மினி கூப்பர் என்ற ஒரே விடைதான் வரும். அதன் நீளம் நான்கு மீட்டருக்கும் குறைவு, விலையோ நாற்பது லட்சத்துக்கு மேல். இங்கே வரிச் சட்டத்தின் வேடிக்கை ஒன்றைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்குச் சரக்கு சேவை வரி 18 விழுக்காடு, மற்றவற்றுக்கு 40 விழுக்காடு. சிறிய கார் என்று சட்டம் ஏற்க, நீளம் நான்கு மீட்டரைத் தாண்டக் கூடாது. பெட்ரோல் எஞ்சின் 1,200 சி.சி.யையும் டீசல் எஞ்சின் 1,500 சி.சி.யையும் மீறக் கூடாது. மினி கூப்பரின் இரண்டு லிட்டர் பெட்ரோல் எஞ்சின் இரண்டாம் நிபந்தனையில் தவறிவிடுகிறது. பெயரிலேயே ‘சிறியது’ என்று சொல்லிக்கொள்ளும் கார், சட்டத்தின் கண்ணுக்குப் பெரிய கார்.

நடுத்தர வருவாய்க்காரருக்கு மிஞ்சுபவை வேறு வழிகள். பெருநிலத்திலிருந்து பயன்படுத்திய 500ஐயோ பீட்டிலையோ வாங்கி வரலாம். சாதாரணச் சிறிய கார் ஒன்றை வாங்கி அதற்குப் பழைய முகம் பொருத்தலாம். உண்மையிலேயே பழைய பத்மினியையோ ஹெரால்டையோ தேடிப் பிடிக்கலாம். எங்களிடம் வந்த வாடிக்கையாளர் இரண்டாவது வழியில் இருந்தார். பத்து லட்சத்தை ஒட்டிய வண்டி, அதன்மேல் குரோமிய வேலைப்பாடு, இருநிறப் பூச்சு, தைத்த தோல் இருக்கைகள்.

முகத்தின் செலவு வாங்கும் நாளோடு முடிவதில்லை என்பதைச் சிப்பிகாட்டில் இருப்பவர்கள் மற்றவர்களைவிட விரைவாக அறிவார்கள். 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமானின் நிலம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. சுனாமி திரும்பிச் சென்ற பிறகும் சிப்பிகாட்டின் வயல்களில் கடல் தங்கிவிட்டது. நெல் விளைந்த இடத்தில் இன்று உவர்நீர் நிற்கிறது. பறவை பார்ப்பவர்கள் தொலைநோக்கியோடு வருகிறார்கள். அந்த நீர்ப்பரப்பை ஒட்டியே நாம் வண்டியோட்டுகிறோம். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை, இரு பருவமழைகளும் சேர்ந்து எட்டு மாதம் ஈரம், காற்றில் உப்பு. குரோமியப் பூச்சில் முதலில் குண்டூசி முனையளவு புள்ளிகள் தோன்றும். அவற்றின் அடியில் துரு நகரும். கதவின் கீழ்விளிம்பில் நீர் வடியும் சிறு துளைகள் அடைபட்டால் உள்ளிருந்தே தகடு அரிக்கும். தோல் இருக்கையில் பூஞ்சை படரும். பேட்டரி முனையில் பச்சை படியும்.

சாதாரணச் சிறிய காருக்கும் இவையெல்லாம் நேரும். ஆனால் அதன் பம்பர் நகரத்துக் கடையிலேயே கிடைக்கும். இல்லாவிட்டால் அடுத்த கப்பலில் வரும். சென்னைக்கும் நமக்கும் இடையே ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடல். ரெட்ரோ முகத்தின் ஓர் அலங்கார வளையத்துக்குச் சென்னையில் ஆள் தேடி, அவர் வெளிநாட்டில் சொல்லி வைத்து, வந்ததைக் கப்பலேற்ற வேண்டும். ஆகவே முகத்தை விரும்புபவர் வண்டியின் விலையோடு அதன் பராமரிப்புக்கென ஒரு தொகையைத் தனியே ஒதுக்கியாக வேண்டும். கூரையுள்ள நிறுத்துமிடம், வாரம் ஒரு முறை அடிப்புறத்தை நன்னீரால் கழுவுதல், மழைக்காலத்துக்கு முன் துருத் தடுப்புப் பூச்சு ஆகியவை இங்கே ஆடம்பரமல்ல.

இனி எண்களுக்கு வருவோம். கணக்கு எளிதாக இருக்க வண்டியின் விலை 10 லட்சம், வட்டி ஆண்டுக்கு 9 விழுக்காடு என்று கொள்வோம். முழுத் தொகையையும் ஏழாண்டுக் கடனாகப் பெற்றால் மாதத் தவணை 16,089 ரூபாய். முடிவில் செலுத்தியிருக்கும் வட்டி மட்டும் ஏறத்தாழ 3,51,500 ரூபாய். மாறாக 2 லட்சத்தைச் சேமிப்பிலிருந்து போட்டு, 8 லட்சத்தை ஐந்தாண்டுக் கடனாகப் பெற்றால் மாதத் தவணை 16,607 ரூபாய். மொத்த வட்டி ஏறத்தாழ 1,96,400 ரூபாய். இரண்டு தவணைகளையும் மீண்டும் ஒரு முறை பாருங்கள். மாதத்துக்கு ஐந்நூற்றுச் சொச்சம் ரூபாய்தான் வேறுபாடு. வட்டியில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் மிச்சம், கடனும் இரண்டு ஆண்டுகள் முன்னதாகவே முடிகிறது. ‘தவணை குறைவாக வர வேண்டும்’ என்று கேட்பவர்கள் தவணையை மட்டுமே பார்க்கிறார்கள். எட்டு ஆண்டுப் பணி மீதமுள்ள ஒருவருக்கு ஏழாண்டுக் கடன் என்றால், கடனும் சம்பளமும் ஏறத்தாழ ஒன்றாகவே நின்றுபோகும். ஓய்வுக்காலத்துக்கென்று தனியே சேர்க்க அவருக்குக் கிடைப்பது ஒரே ஓர் ஆண்டு.

இதைவிட முக்கியமான கணக்கு காப்பீட்டில் இருக்கிறது. வண்டி முற்றிலும் சேதமானாலோ திருடு போனாலோ காப்பீட்டு நிறுவனம் தரும் தொகை, அன்றைய காப்பீட்டு மதிப்பு. அந்த மதிப்பு ஆண்டுதோறும் ஒரு கால அட்டவணைப்படி குறைகிறது. ஓராண்டு நிறைந்த வண்டிக்கு 20 விழுக்காடு கழிவு, இரண்டாண்டு நிறைந்தால் 30, மூன்றாண்டுக்கு 40, நான்காண்டுக்கு 50. இரண்டாண்டு நிறைந்த நம் பத்து லட்ச வண்டியின் காப்பீட்டு மதிப்பு 7 லட்சம். ஏழாண்டு முழுக்கடன் பெற்றவர் அன்று வங்கிக்குத் தர வேண்டிய நிலுவை ஏறத்தாழ 7,75,000. வண்டி போன பிறகும் 75,000 ரூபாய்க் கடன் நிற்கும். 8 லட்சம் ஐந்தாண்டுக் கடன் பெற்றவரின் நிலுவையோ ஏறத்தாழ 5,22,000. கடனை அடைத்த பிறகும் அவர் கையில் பணம் மிஞ்சும். சாலை வரி, பதிவுக் கட்டணம், காப்பீட்டுச் சந்தா ஆகியவற்றையும் கடனில் சேர்த்திருந்தால் முதலாமவரின் பள்ளம் இன்னும் ஆழமாகும். அவை காப்பீட்டு மதிப்பில் சேருவதில்லை. தொடக்க ஆண்டுகளில் விலைப்பட்டியல் தொகையையே திருப்பித் தரும் கூடுதல் காப்பீடும் உண்டு. அதற்குத் தனிச் சந்தா.

முகத்துக்குச் செலவிட்ட பணத்தின் நிலை இதனினும் மோசம். வெளியே பொருத்திய குரோமியமும் இருக்கைகளும், தனியே அறிவித்து அதற்கான சந்தா செலுத்தியிருந்தால் ஒழிய, காப்பீட்டின் கண்ணுக்குத் தெரிவதேயில்லை. விபத்துப் பழுதுக்கு இழப்பீடு கேட்கும்போதும் ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி விலை கழிக்கப்படும். தேய்மானக் கழிவற்ற கூடுதல் காப்பீடு இருந்தால்தான் அது தவிரும். ரெட்ரோ முகத்தில் பளபளக்கும் பகுதிகளில் பலவும் குரோமியம் பூசிய பிளாஸ்டிக் என்பதை வாங்குபவர் தட்டிப் பார்த்தே அறியலாம். அடமானமாக நாங்கள் ஏற்பது பதிவுச் சான்றிலுள்ள வண்டியை. அதன் முகத்துக்கு எங்கள் பேரேட்டில் தனிப் பத்தி கிடையாது. சந்தையில் திரும்ப விற்கும்போதும் அதே முகத்தை அதே அளவு விரும்பும் ஒருவர் இத்தீவிலேயே கிடைக்க வேண்டும்.

சிப்பிகாட்டுக்காரர்கள் காப்பீட்டில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கனமழையும் கடல் ஏற்றமும் ஒரே நேரத்தில் வந்தால் தாழ்வான இடங்களில் நீர் தேங்கும். தாழ்ந்த சிறிய காரில் காற்று உறிஞ்சும் வழியாக நீர் புகுந்து எஞ்சின் நின்றுவிட்டால் மீண்டும் சாவியைத் திருகக் கூடாது. திருகியதால் எஞ்சினுக்குள் உண்டாகும் சேதத்தைப் பொதுவான காப்பீடு ஏற்பதில்லை. எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவு அதற்கென்றே உள்ளது. இந்த ஊரில் அது வீண் செலவல்ல.

முகத்தை மாற்ற விரும்புபவர்கள் சட்டத்தையும் ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றின் விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடும் அளவுக்கு வண்டியை மாற்றக் கூடாது. 2019இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. இருக்கை உறை, சக்கர மூடி போன்றவற்றில் சிக்கல் இல்லை. நிறத்தை மாற்றினால் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்துச் சான்றில் பதிய வேண்டும். உடலையே வெட்டி ஒட்டும் பட்டறை வேலை, இழப்பீடு கேட்கும் நாளில் தொல்லையாக எழுந்து நிற்கும்.

பெருநிலத்திலிருந்து பயன்படுத்திய வண்டி கொண்டு வருபவர் முதலில் அந்த ஊர்ப் பதிவு அலுவலகத்தில் படிவம் 28 வழியாகத் தடையின்மைச் சான்று பெற வேண்டும். பழைய கடன் ஏதும் அந்த வண்டியின் மேல் நிற்கிறதா என்பதைப் பதிவுச் சான்றிலேயே பார்த்துவிடலாம். பயன்படுத்திய வண்டிக் கடனுக்கு வட்டி பொதுவாகக் கூடுதல், காலம் குறைவு. தனியார் வண்டியின் பதிவு பதினைந்து ஆண்டுகளுக்கே செல்லும். அதன் பிறகு தகுதிச் சோதனையோடு ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். 2008இல் பதிவான ஒரு 500 இப்போதே அந்த எல்லையைக் கடந்துவிட்டது.

உண்மையான பழைய காரைப் பற்றி ஒரு சொல். ஐம்பது ஆண்டுகளைக் கடந்த, அசல் வடிவம் மாறாத வண்டிகளுக்கு 2021 முதல் தனிப் பதிவு முறை உள்ளது. எண்ணில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்கே அவ்வண்டிகளை ஓட்டலாம், அன்றாடப் பயணத்துக்கு ஆகாது. கடனில் வாங்க வேண்டிய பொருள் அதுவன்று. ஆனாலும், சொல்லப்போனால், மூன்று வழிகளில் எங்கள் மனத்துக்கு நெருக்கமானது அதுதான். மதிப்பு தேய்ந்து முடிந்த வண்டிக்கு இனித் தேய மதிப்பில்லை. நன்றாகப் பேணினால் ஏறவும் கூடும்.

எங்கள் வாடிக்கையாளர் இந்தக் கணக்குகளைப் பொறுமையாகக் கேட்டார். இருக்கைகளையும் இருநிறப் பூச்சையும் அடுத்த ஆண்டின் போனசுக்குத் தள்ளிவைத்தார். முன்பணத்துக்காக, முதிர்வுக்கு நான்கு மாதமே இருந்த வைப்புநிதியை உடைக்கப் போகிறேன் என்றார். உடைத்தால் வட்டியில் இழப்பு உண்டு. அதற்குப் பதிலாக அந்த வைப்பின் மேலேயே சிறு கடன் பெற்று, முதிர்வு நாளில் நேர்செய்துகொள்ளலாம் என்று சொன்னோம். ஒப்புக்கொண்டார். எழுந்து போகும்போது, “முன்விளக்கு வளையம் மட்டும் இப்பவே போட்டுக்கறேன் சார், அதுக்கு என் கையிலேயே பணம் இருக்கு” என்றார். அதற்கு எங்களிடம் ஆட்சேபம் இல்லை. கடன் முடிந்ததும் படிவம் 35ஐ மறக்காமல் வாங்கிப் பதிவு அலுவலகத்தில் எங்கள் பெயரை நீக்கச் சொல்லி அனுப்பினோம்.